இரண்டு முறை வந்த சொல்

சாம்பல் ஆண்டு 71, ஆறாம் மாதம் 9
கொதிகலன் கோபுரம்

அன்புள்ள வாலு,

நலம். உன் நலம் அறிய ஆவல். இந்தக் கடிதத்தில் கீழ்க்கண்டவற்றை எழுத எண்ணியிருக்கிறேன்.

1. உன் விளக்குச் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்த விதம்.
2. அதைப் படித்து நான் செய்தது.
3. அணை மேஸ்திரி அதைத் தவறாகப் புரிந்துகொண்டது.
4. உன் அம்மா அதைத் தவறாகப் புரிந்துகொண்டது.
5. ஊரின் இப்போதைய நிலை.

உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சேர்த்தே எழுதுவேன். முதலிலிருந்து முறையாக எழுதினால்தான் எனக்கு விளங்குகிறது. பொறுத்துக்கொள்.

முதலாவது. முந்தாநாள் மதியம் அழுத்தமானிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வடக்கே சாம்பல் மேகம் சற்று விலகியது. பள்ளத்தாக்கின் தலைப்பக்கத்தில் வானத்தில் உங்கள் மிதவைக் கப்பல் ஒரு பட்டாணி அளவுக்குத் தெரிந்தது. அதில் விளக்கு மின்னியது. முதலில் ‘அ’. அடுத்து ‘ணை’. ஒரு மூச்சு இடைவெளி. மறுபடியும் ‘அ’, ‘ணை’. பிறகு மேகம் மூடிவிட்டது. வேறெதுவும் வரவில்லை.

சாம்பல் விழுந்த நாளிலிருந்து கம்பிகளில் எந்தச் சேதியும் போவதில்லை என்பதால் விளக்கையே நம்பியிருக்கிறோம். வந்த சேதியை வந்தபடியே பேச்சுக் குழாயில் எல்லாப் பிரிவுகளுக்கும் சொல்ல வேண்டும் என்பது விதி. குழாயில் வாய் வைத்து, “மிதவைக் கப்பலிலிருந்து சேதி. அணை. அணை” என்றேன். குரல் தெளிவாக வந்ததா என்று தெரியவில்லை. இருமல் இருந்தது.

இரண்டாவது. அந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் ஊர் நிற்கும் அணை. நெருப்பை அணை. மூன்றாவது, கைகளால் அணைத்துக்கொள்வது. விளக்குச் செய்தி கட்டளையாக இருக்க வேண்டும் என்று விதிநூல் சொல்கிறது. ஆகவே முதல் பொருள் விலகியது. மூன்றாவது அவசரச் செய்தியாக இருக்க முடியாது. மிஞ்சியது நெருப்பு. நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அப்படித் தோன்றியதோ என்ற ஐயம் இன்றும் இருக்கிறது.

பெரிய பொறியாளர் காய்ச்சலில் படுத்திருந்தார். முடிவு என் தலையில் விழுந்தது. பெரியவள், நடுவள், சின்னவள் என்று நாம் பெயர் வைத்த கொதிகலன்கள் மூவரும் முழு அழுத்தத்தில் இருந்தார்கள். கீழே போய்க் கரிக்கார அக்காவிடம் சொன்னேன்.

“ஐயா, சரியாத்தான் படிச்சீங்களா? கண்ணாடி போட்டிருந்தீங்களா?”

“போட்டிருந்தேன்.”

“மூணு பாய்லரையும் அணைச்சா ஊரே விறைச்சுப் போயிடும். அப்புறம் நம்ம ரெண்டு பேரையும்தான் அடுப்புல வெச்சு எரிப்பாங்க.”

“அணைக்கச் சொல்லித்தான் வந்திருக்கு.”

“யாரு அனுப்பினது?”

“கப்பல்ல என் தங்கச்சி மக இருக்கா.”

“அந்த வாலா? அப்படின்னா சரி. நீங்களா சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, நெருப்பை வெளியே வாரித் தள்ளும்படி ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். நான் வால்வுகளைத் திறந்து நீராவியை வெளியே விட்டேன். நடுவளின் வால்வுக்கு உதவி தேவைப்பட்டது.

மூன்றாவது. மேஸ்திரி குழாயில் கேட்டவுடன், “அணைன்னா என் அணைதான், வேற எவன் அணை?” என்று தம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுவர்மேல் ஏறியிருக்கிறார். விரிசல் தேடியிருக்கிறார். நீர் அசையாமல் கிடந்ததாம். இறங்கி வந்து பார்த்தால் கொதிகலன் மூன்றும் அணைந்திருக்கின்றன. “பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்தவரைக் கொண்டு வந்து பாய்லர்கிட்ட உட்கார வெச்சா இப்படித்தான். யாரைக் கேட்டு…” என்று ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. மேலே சங்கு ஊதியது. நீர் சுவரைத் தாண்டி வழிந்து, கரி கொட்டும் வழியாக உள்ளே இறங்கியது. நாங்கள் படியேறிவிட்டோம். நீர் கொதிகலன்களின் தோள் வரை ஏறி நின்றது. மூவரும் உஸ்ஸென்று சீறினார்கள், வெடிக்கவில்லை. உள்ளே நெருப்பு இருந்திருந்தால் கோபுரம், உணவுக்கூடம், சலவைக்கூடம் எதுவும் மிஞ்சியிருக்காது என்று பொறியாளர் படுக்கையிலிருந்தே சொன்னார்.

நான்காவது. இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. உன் அம்மா அந்தச் சொல்லை மூன்றாவது பொருளில் எடுத்துக்கொண்டாள். குழாயில் ‘அணை’ என்று கேட்டதும், கையிலிருந்த ஈரத் துணியைப் போட்டுவிட்டுச் சலவைக்கூடத்தின் கூரைமேல் ஏறி, வடக்கே பார்த்து இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சலவைக்கூடமே வேடிக்கை பார்த்திருக்கிறது. உன் அப்பா இதே மாதிரி ஒரு கப்பலில் ஏறிப் போய்த் திரும்பி வராதவர். நீயும் ஏறியபோது, “போனா இந்த வீட்டுப் படி ஏறாதே” என்று உணவுக்கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னவள். உன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டதற்காக என்னிடமும் நான்கு மாதமாகப் பேசாதவள். அப்படிப்பட்டவள் கூரையில் நின்றாள்.

நேற்று நடைவழியில் அவளைப் பார்த்தபோது, உண்மை தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில், “அது நெருப்புக்கான சொல்லும்மா. நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட. ரெண்டாவது தடவை வந்தது முதல்ல வந்ததையே திருப்பி அனுப்பினது, விதிப்படி” என்று விளக்கினேன். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள், “சரிண்ணா” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான்கு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் சொல் அது.

ஐந்தாவது. உயிர்ச்சேதம் இல்லை. குளிர் இருக்கிறது. சின்னவளை நாளை மூட்டப் பார்க்கிறோம். மேஸ்திரி என்னைப் பார்த்தால் தலையசைக்கிறார். வணக்கமா, வாயடைப்பா என்று தெரியவில்லை.

அன்புடன்,
மாமா


சாம்பல் 71, ஆறாம் மாதம் 15
கப்பலில், வடக்கு முகட்டுக்கு மேலே

மாமா,

இரும்புக் கம்பியில் ஓடும் தபால் வண்டி இன்றுதான் உங்கள் கடிதத்தை முகட்டுக்குக் கொண்டு வந்தது. குறிப்பு ஒன்றிலிருந்து மூன்று வரை படித்துவிட்டு, கப்பல் முழுக்க ஓடி எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். “வாக்கியத்தை முடிக்கவில்லை” என்ற இடத்தில் கேப்டன் அக்கா சிரித்துச் சிரித்து டீயைத் திசைகாட்டிமேல் கொட்டிவிட்டார். மாமா, நீங்கள் வால்வைத் திறந்தீர்கள். நீங்கள். வீட்டில் குழாயைத் திறந்தால்கூடப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும் நீங்கள்.

பிறகு நான்காவது குறிப்பைப் படித்தேன். அதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முகட்டுக்குப் பின்னால் பனி ஏரி ஒன்று இருக்கிறது. யாருக்கும் தெரியாது, கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. பனிச்சரிவு விழுந்து அடைத்ததால் தேங்கிய நீர். அதன் பனிக் கரை உடையத் தொடங்கியதை நாங்கள் மேலேயிருந்து பார்த்தோம். கப்பலைத் திருப்பி ஊருக்கு வந்து சொல்வதற்குள் நீர் முந்திவிடும். மேகத்தில் சின்ன ஓட்டை. அதற்குள் எதைச் சொல்வது? கேப்டன் அக்கா, “நீளமா வேண்டாம். உயிரைக் காப்பாத்துற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லு” என்றார். நீர் உள்ளே புகுந்தால் முதலில் சாகப்போவது பாய்லர் பக்கத்தில் இருப்பவர்கள். அதுதான் ‘அணை’. இரண்டே எழுத்து. அது உங்களுக்கு. நீங்கள்தான் படிப்பீர்கள், நீங்கள் சரியாகத்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது ‘அணை’ உங்களுக்கு இல்லை. அம்மாவுக்கு.

அந்த வெள்ளத்தில் ஊர் போய்விட்டால் அம்மாவிடம் நான் கடைசியாகச் சொன்ன சொல் என்னவாக இருக்கும் தெரியுமா? “நீ சொல்லி நான் கேட்கணுமா?” அதுதான். உணவுக்கூட வாசலில் நின்று சொன்னது. வேறு எதுவும் சொல்ல நேரமில்லை. அதே இரண்டு எழுத்தை அவளுக்காக இன்னொரு தடவை அனுப்பினேன். மூடிய மேகம் பிறகு ஒரே ஒரு நொடி விலகியபோது தூரக்கண்ணாடியில் பார்த்தால் சலவைக்கூடக் கூரையில் யாரோ கை விரித்து நிற்கிறார்கள். கேப்டன் அக்கா, “அது என்ன சிக்னல், புத்தகத்துல இல்லையே?” என்றார். “சிக்னல் இல்ல, எங்க அம்மா” என்றேன்.

மாமா, அவளுக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது. நீங்கள் போய் அது தவறு என்று சொல்லிவிட்டீர்கள், அதுவும் சலவைக்கூடப் பெண்கள் முன்னால்.

கப்பல் கடலோரத்துக்குப் போகிறது. திரும்பி வர இரண்டு வருடம் ஆகும். 27ஆம் தேதி நம் ஊருக்கு மேலே கடந்து போவோம். அம்மாவைப் பார்க்க ஏணி இறக்கச் சொல்லிக் கேப்டன் அக்காவிடம் கேட்டேன். “வீட்டுலேர்ந்து கூப்பிட்டா இறக்குறேன். கூப்பிடாத வீட்டுக்கு ஒரு தடவை ஏணி இறக்கி, வாளித் தண்ணியை மூஞ்சில வாங்கினவ நான்” என்கிறார். அம்மா கூப்பிடாமல் நானும் இறங்க மாட்டேன். படி ஏறாதே என்று சொன்னவள் அவள்தான்.

அவளிடம் சொல்லுங்கள். இன்றைக்கே.

வாலு


சாம்பல் 71, ஆறாம் மாதம் 19
கொதிகலன் கோபுரம்

அன்புள்ள வாலு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காரணத்தை எழுதுகிறேன். கோபப்படாமல் படிக்கவும்.

அவசரச் சொல்லை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதிநூலின் முதல் பக்கம். இரண்டு முறை வந்து மேகம் மூடிவிட்டால், மூன்றாவது மேகத்துக்குப் பின்னால் போயிற்று என்றுதான் படிப்பவன் கொள்வான். நானும் அப்படித்தான் கொண்டேன். இரண்டாவது முறை வேறு பொருளில், வேறு ஆளுக்கு அனுப்பப்படும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இன்னொன்று. பிறகு தோன்றியதை அப்போதே தோன்றியதாக நினைத்துக்கொள்வது மனித இயல்பு. எனக்கு அடிக்கடி நேர்கிறது. அம்மா கூரையில் நின்றதை என் கடிதத்தில் படித்த பின், அவள் மனம் ஆற வேண்டுமென்ற நல்லெண்ணத்தில் அந்த இரண்டாவது சொல்லை அவளுக்கு ஒதுக்கிவிட்டாயோ? அப்படியானால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை அவளிடம் கொண்டுபோய் உண்மை என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு முறை உறுதியாகப் பேசி அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேன். மறுபடியும் உறுதியாகப் பேச வாய் வரவில்லை.

நேற்று அவள் கதவு வரை போனேன். கதவில் காதை வைத்தேனே தவிரத் தட்டவில்லை. நடைவழியில் போன கரிக்கார அக்கா, “என்ன ஐயா, கதவுக்கு அழுத்தம் பாக்குறீங்களா?” என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

சின்னவள் எரிகிறாள். நடுவளுக்குள் இன்னும் சேறு இருக்கிறது. குளிருக்காக எல்லோரும் உணவுக்கூடத்தில் படுக்கிறார்கள். உன் அம்மா மட்டும் அறையிலேயே இருக்கிறாள்.

அன்புடன்,
மாமா


சாம்பல் 71, ஆறாம் மாதம் 23
கப்பலில்

மாமா,

சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

முதல் ‘அணை’ போனதும் மேகம் இன்னும் திறந்துதான் இருந்தது. கேப்டன் அக்கா என் தோளைப் பிடித்து, “அடுத்தது ‘நீர்’னு அனுப்பு. வேகமா” என்றார். அதுவும் இரண்டு எழுத்துதான். அதை அனுப்பியிருந்தால் உங்களுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. மேஸ்திரி விரிசல் தேடியிருக்க மாட்டார். கரிக்கார அக்கா உங்கள் கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். நான் அனுப்பவில்லை. அம்மாவுக்கு அனுப்பினேன். அதற்குள் மேகம் மூடிவிட்டது.

அதற்குத் தண்டனையாகப் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி சுரண்டிக்கொண்டிருக்கிறேன், கடலோரம் போய்ச் சேரும் வரை. இந்தத் தாளில் இருக்கும் கறுப்பு விரல் தடங்கள் என்னுடையவை. நல்லெண்ணத்தில் பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்ட கதைக்கு யாரும் தண்டனை கொடுப்பதில்லை.

நீங்கள் ‘அணை’ என்பதற்கு நெருப்பு என்று படிக்காமல் இருந்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று தினமும் யோசிக்கிறேன். நான் செய்தது தப்பு. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தப்பைச் செய்து அனுப்பிய சொல் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தும் சேராத மாதிரி ஆகிவிட்டது. அதற்குக் காரணம் நீங்கள்.

இதற்கு மேல் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. 27 மதியம் கடப்போம்.

வாலு


சாம்பல் 71, ஆறாம் மாதம் 27
கொதிகலன் கோபுரம், மதியம்

அன்புள்ள வாலு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. கம்பி வண்டி வழியில் உறைந்து நின்றுவிட்டதாம். இரண்டு முறை படித்தேன். விரல் தடங்களையும் பார்த்தேன். பிறகு எழுந்து போய் உன் அம்மாவின் கதவைத் தட்டினேன். தட்டிய பிறகு ஓடிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் திறந்துவிட்டாள்.

கட்டில் நிறையத் துணி குவிந்திருந்தது. மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“அன்னைக்கு ரெண்டாவதா வந்த சொல்லு உனக்குத்தானாம். வாலு எழுதியிருக்கா.”

“தெரியும்” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“குழாயில நீ சொன்னப்பவே தெரியும். எம் பொண்ணு என்கிட்ட என்ன சொல்றான்னு உன் விதிநூலைப் பார்த்தா தெரிஞ்சுக்கணும்?”

“நான் நடைவழியில சொன்னேனே, தப்பாப் புரிஞ்சுக்கிட்டன்னு…”

“நீ சொன்ன. உனக்கு ஒரு வரி படிச்சா ஒன்பது சந்தேகம். நான் அதை ஒண்ணும் நம்பல.”

“அப்ப ஏன் கதவைச் சாத்தின?”

“அழுகை வந்துச்சு. அவளுங்க முன்னாடி நின்னு அழணுமா?”

ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன். மடித்தோம். மூலைகள் சரியாகப் பொருந்தாமல் என்னைப் பார்த்து முறைத்தாள். மறுபடி மடித்தோம். கப்பல் இன்று மதியம் கடக்கிறது என்றும், வீட்டிலிருந்து கூப்பிட்டால்தான் ஏணி இறங்கும் என்றும், இல்லையென்றால் இரண்டு வருடம் என்றும் சொன்னேன்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

“ஊருக்கே கேக்குற மாதிரி வராதேன்னு சொன்ன வாய்ண்ணா இது. அதே வாயால எப்படி வான்னு கூப்பிடுவேன்?”

“வாயால கூப்பிட வேண்டாம். விளக்கால கூப்பிடலாம்” என்றேன்.

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கு இன்னும் ஐயமாக இருக்கிறது. அவள் போர்வையைக் கட்டிலில் போட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நடண்ணா” என்றாள்.

கோபுரத்தில் விளக்கின் இரும்புத் திரையை எப்படித் தூக்கி இறக்குவது என்று காட்டினேன். நானே அனுப்புகிறேன் என்று சொன்னதற்கு, “நீ அனுப்பினா நீ கூப்பிட்ட மாதிரி இருக்கும். தள்ளு” என்றாள். என்ன சொல் என்று கேட்டேன். ‘வா’ என்றாள். ஒரே எழுத்து. விதிநூல் முழுக்கத் தேடினாலும் அதைவிடச் சிறிய கட்டளை கிடைக்காது. மேகம் முழுதாக மூடியிருந்தது. நாங்கள் காத்திருந்தோம். கரிக்கார அக்கா கீழேயிருந்து, “என்னம்மா, பாய்லர அணைக்கவா, வேண்டாமா? இப்பவே சொல்லிடுங்க, இப்பதான் மூட்டினோம்” என்று கத்தினார். உன் அம்மா சிரித்துவிட்டாள்.

மேகம் விலகியது. உங்கள் கப்பல் எதிர்பார்த்ததைவிடப் பக்கத்திலேயே, தலைக்கு மேலேயே நின்றிருந்தது. வேகத்தைக் குறைத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். அவள் ‘வா’ என்று அனுப்பினாள். மறுபடி அனுப்பினாள். மூன்று முறை போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஏணி கீழே விழுந்து கோபுரச் சுவரில் மோதும் வரை அவள் திரையைத் தூக்கி இறக்கிக்கொண்டேயிருந்தாள்.

இப்போது விளக்குக் கைப்பிடியை என்னிடம் விட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டாள். ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு, “பாத்து இறங்குடி, கீழ பாக்காதே, அந்தக் கம்பியப் பிடி, அது இல்ல, இந்தக் கம்பி” என்று கத்துகிறாள். நீ பாதித் தூரம் இறங்கிவிட்டாய். உடம்பெல்லாம் கரி. மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஆகவே இந்தக் கடிதம் உனக்குத் தபாலில் வராது. நீ உள்ளே வந்ததும் கையில் கொடுப்பேன். நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். எழுத்தில் செய்த பிழையை எழுத்தில்தான் திருத்த வேண்டும். நேரில் சொன்னால் நான் பாதியில் தடுமாறிவிடுவேன்.

என் முதல் கடிதத்தின் நான்காவது குறிப்பு தவறு. அதை அடித்துவிட்டுப் படிக்கவும்.

மாமா